22 வருட சர்க்கரை, எச்பிஏ1சி 6.2, ஆனாலும் மறதி: மலையில் இருந்தபடி என்னென்ன பார்க்கலாம்?

தேயிலைச்சாரல் (வீடு தேடிப் போய்ச் சர்க்கரை, பிபி பார்க்கும் பணி, கோத்தகிரி வட்டாரம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பட்டியலில் 20 வருடத்தைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள் நிறைய. அதில் ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். இதே மாதிரி இன்னும் நாலைந்து பேர் இருப்பதால் பதில் எல்லாருக்கும் உதவும்.

வயது 71 என்று அட்டையில் இருக்கிறது. ஒரு பாட்டி, முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவர், எஸ்டேட் லைன் வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். சர்க்கரை வந்து 22 வருடம். கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 மூன்றும் சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. பிபிக்கு அட்டனலால் 50. கால் எரிச்சலுக்கு ராத்திரி ஒரு சின்ன மாத்திரை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.2. ஹீமோகுளோபின் 8.9.

ஒரு வருடமாகக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறார். சில்லறை எண்ணும்போது பாதியில் விட்டுவிடுகிறார். பேச்சும் வேலையும் மெதுவாகிவிட்டன. காலை 11 மணி வாக்கில் சில நாள் உட்கார்ந்த இடத்திலேயே பேந்தப் பேந்த விழிக்கிறார், கழுத்தெல்லாம் வியர்க்கிறது. குளிர் காலத்தில் வியர்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் போவது பெரும்பாலும் மதியம் 3 மணிக்கு. அப்போது 140, 150 என்றுதான் காட்டுகிறது.

வீட்டில் "சுகர் நல்ல கன்ட்ரோலில் இருக்கு, இது வயசு" என்கிறார்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? 6.2 என்றால் சர்க்கரையைச் சந்தேகப்பட வேண்டாமா? கோவைக்கு இறங்காமல் இங்கேயே என்ன பார்க்க முடியும்? ஞாபக சக்தி மாத்திரை வாங்கித் தரலாமா என்றும் கேட்கிறார்கள்.

---

மலைவாசல் (பொது மருத்துவம், குன்னூர்)

சம்பந்தம் உண்டு. இரண்டு வழியில் உண்டு, அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வருடக் கணக்கில் நடக்கும் சேதம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை முடியைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள். கண் திரையிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை எந்தக் குழாய்களைக் கெடுக்கிறதோ, அதே அளவுக் குழாய்கள்தான் மூளையின் உள்பகுதியிலும் ஓடுகின்றன. அவை தடித்து அடைபடும்போது, கை கால் விழாமலே பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்ன ஸ்ட்ரோக் வந்து போகும். இதோடு மூளையின் செல்களும் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் கொடுக்காமல் போகின்றன, மூளையின் கன அளவும் வயதுக்கு மீறிக் குறைகிறது. டைப் 2 சர்க்கரை இருந்தால் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகை மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல்.

எத்தனை வருடம் சர்க்கரை இருந்தது என்பது இதில் பெரிய விஷயம். பிரிட்டனின் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒய்ட்ஹால் ஆய்வு 2021இல் இதைத் தெளிவாகக் காட்டியது. 70 வயதில் இருப்பவர்களை ஒப்பிட்டால், 60க்கு முன்பே சர்க்கரை வந்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. கடைசி ஐந்து வருடத்துக்குள் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் பாட்டிக்கு 49 வயதில் வந்திருக்கிறது.

குழாய் சேதத்தால் வருவது எப்படி இருக்கும் என்பதையும் கவனியுங்கள். பேர் ஊர் மறப்பதற்கு முன்பே வேகம் குறையும். அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலையை வரிசைப்படுத்த முடியாது. அடுப்பில் ஒன்று இருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்பு விட்டுப்போகும். சில்லறை பாதியில் நிற்பது இந்த ரகம். ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னதையே சொல்லவில்லை என்று சாதிப்பது அல்சைமர் பக்கம் அதிகம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இனி இரண்டாவது வழி. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது இதில்தான். காலை 11 மணி, விழிப்பு, குளிரிலும் வியர்வை: இது லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து. இவர் அதை இரண்டு வேளை சாப்பிடுகிறார். காலையில் மாத்திரை போட்டு, கூட ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் மட்டும் உள்ளே போனால் 11 மணிக்குச் சர்க்கரை விழாமல் என்ன செய்யும்? வயதானவர்களுக்குக் கை நடுக்கம், படபடப்பு அவ்வளவாக வராது. குழப்பம்தான் முதல் அறிகுறி. அட்டனலால் வேறு படபடப்பையும் நடுக்கத்தையும் மூடிவிடும். அது மூடாதது வியர்வையை மட்டும். (அட்டனலாலைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து.)

6.2 என்பது சராசரி. கணக்குப்படி ஏறத்தாழ 131. ராத்திரி 55, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 207 என்று ஆடினாலும் சராசரி அதேதான் வரும். கலிஃபோர்னியாவில் 16,000க்கும் மேற்பட்ட வயதான சர்க்கரைக்காரர்களைப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு லோ சுகர் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. மறதி வந்தால் மாத்திரையைப் போட்டது மறந்து திரும்பப் போடுவார்கள், சாப்பாட்டை மறப்பார்கள், அதனால் மறுபடி லோ சுகர். ஒன்று மற்றொன்றை இழுத்து வரும்.

71 வயதில், மறதி தொடங்கிய ஒருவருக்கு 6.2 நல்ல எண்ணே கிடையாது. மறதியோ பல வியாதிகளோ உள்ள முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். 6க்கு இறுக்கிப் பார்த்த அக்கார்டு ஆய்வில் 40 மாதம் கழித்தும் சிந்தனைத் திறனில் எந்த லாபமும் தெரியவில்லை. இறுக்கிய பிரிவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையையே நிறுத்தினார்கள்.

செய்ய வேண்டியது: மூன்று நாள் மீட்டரில் சர்க்கரை பாருங்கள், வெறும் வயிறு, காலை 11, மதியம் 3, இரவு படுக்கும் முன். ஒரே ஒரு நாளாவது விடிகாலை 3 மணி. மகனிடமோ மருமகளிடமோ மீட்டரைக் கொடுத்துப் பழக்குங்கள். 70க்குக் கீழே என்றால் லோ. 54க்குக் கீழே போனால் மூளை வேலை செய்யவே தடுமாறும்.

---

பனிக்குழாய் (லேப் டெக்னீஷியன், கூடலூர்)

டாக்டர் சொன்னதோடு லேப் பக்கத்திலிருந்து சில விஷயம். ஹீமோகுளோபின் 8.9 என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரத்தசோகை, அப்படியானால் 6.2 என்ற எண்ணையே நான் நம்ப மாட்டேன்.

இரும்புச் சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் எச்பிஏ1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படிப் பார்த்தால் பாட்டியின் உண்மைச் சராசரி இன்னும் கீழே. சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களில் நேர்மாறு, குறைத்துக் காட்டும். நம் மாவட்டத்தில் இதைச் சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் அரிவாள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் போல வளைந்து சீக்கிரம் அழியும் பரம்பரை நோய்) முதன்முதலில் 1952இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். இருளர், பணியர், குறும்பர் ஊர்களில் பட்டியல் எடுக்கிறவர்கள், அரிவாள் செல் பார்க்காமல் எச்பிஏ1சியை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள். நோய் உள்ளவருக்கு அந்த எண் பயன்படாது. வெறும் கடத்தி (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்றால் எந்த முறையில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

குளுக்கோமீட்டருக்கும் இதே சிக்கல். இரத்தத்தில் சிவப்பணு குறைவாக இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். பாட்டிக்கு 75 என்று வந்தால் நிஜத்தில் 70க்குக் கீழே இருக்கலாம். ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஹெமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) எல்லை போட்டிருக்கும், ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் குளிர். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரைக்கும்தான். டிசம்பர், ஜனவரி விடிகாலையில் லைன் வீட்டுக்குள் அதற்கும் கீழே போகும். மீட்டர் பிழை காட்டினால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஸ்வெட்டர் உள்பையில் கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். விரல் ஜில்லென்று இருந்தால் சொட்டு வராது, பிதுக்கினால் நீர் கலந்து அளவு தப்பும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் உரித்த கை, சர்க்கரை டப்பா தொட்ட கை என்றால் 50, 60 அதிகமாகக் காட்டும். மழை மாதங்களில் ஸ்ட்ரிப் டப்பா மூடியை எடுத்த கையோடு மூட வேண்டும், நம் ஊர் ஈரத்துக்கு ஸ்ட்ரிப் தாங்காது.

---

உதகை_மருந்தகம்

மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தட்டியது மூன்று.

முதலாவது, வோக்லிபோஸ். இது குடலில் சாதாரணச் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. லோ சுகர் வந்தால் வீட்டில் சர்க்கரைத் தண்ணீரோ வெல்லமோ கொடுப்பார்கள், வேகமாக ஏறாது. இவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். தலைதட்டிய 3 தேக்கரண்டி, ஏறத்தாழ 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ ராகிக் களியோ ஏதாவது சாப்பாடு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. கிளிமிபிரைடால் வந்த லோ என்றால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. மருந்து உள்ளே இருக்கும்வரை, சில மணி நேரம் கழித்துத் திரும்ப இறங்கும்.

இரண்டாவது, கால் எரிச்சலுக்கான அந்தச் சின்ன மாத்திரை. பேரைப் பார்த்துச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் என்றால் அதுவே வயதானவர்களுக்கு ஞாபகத்தை மங்க வைக்கும். வாய் வறண்டு போகும், சிறுநீர் கட்டும், எழுந்தால் தலை சுற்றும். சளி இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மருந்துகளும் அப்படியே. மலையில் ஆறு மாதம் சளி மருந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், யாரும் அதை மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

மூன்றாவது, மெட்ஃபார்மின். நல்ல மருந்து, குறை சொல்லவில்லை. ஆனால் பல வருடம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். பி12 குறைந்தால் மறதி, கால் எரிச்சல், சோகை மூன்றும் வரும். இவருக்கு மூன்றுமே இருக்கிறது! எரிச்சலைச் சர்க்கரை நரம்பு என்று முடிவு கட்டியிருப்பார்கள். இரத்தத்தில் பி12 அளவு 200க்குக் கீழே என்றால் குறைவு உறுதி, 200க்கும் 300க்கும் நடுவில் என்றால் சந்தேக எல்லை.

ஞாபக மாத்திரை பற்றி: கடையில் விற்கும் ஜிங்கோ மாத்திரை மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 3,000 பேரை வைத்த ஆய்வு 2008லேயே சொல்லிவிட்டது. டோனெபெசில் அல்சைமருக்கு உள்ளது, டாக்டர் எழுதாமல் தொடக் கூடாது. அது நாடித்துடிப்பைக் குறைக்கும், அட்டனலாலும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் பாட்டி கழிவறைக்குப் போகும் வழியில் மயங்கி விழலாம்.

---

தேயிலைச்சாரல்

ரொம்ப நன்றி. மருமகளிடம் மீட்டரைக் கொடுத்துப் பழக்கினேன். வெறும் வயிறு 68, 74, 71. காலை 11 மணி 59, 82, 63. மதியம் 152, 139, 160. படுக்கும் முன் 118, 131, 109. நேற்று விடிகாலை 3 மணிக்கு 52. அப்போதே குளுக்கோஸ் கொடுத்துவிட்டார்கள், கால் மணி நேரத்தில் 88, பிறகு களி சாப்பிட்டார். காலையில் 79. கால் மாத்திரை அமிட்ரிப்டிலின் 10தான்.

மறதி டெஸ்ட் ஏதாவது நாங்களே செய்யலாமா? கடிகாரம் வரையச் சொன்னார்கள் ஒரு பயிற்சியில். பாட்டிக்குப் பேனா பிடிக்கவே தெரியாது.

---

மலைவாசல்

52 என்பது நாளைக்கு என்று தள்ளக்கூடியது இல்லை. இன்றைக்கே அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். இன்று ராத்திரி மாத்திரையைப் போடும் முன்பே போக வேண்டும். மூன்றும் சேர்ந்த மாத்திரை என்பதால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது, தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதலில் போக வேண்டியது ராத்திரி கிளிமிபிரைடு, அநேகமாகக் காலையதும்தான். அந்த இடத்தில் தேவைப்பட்டால் லினாகிளிப்டின் மாதிரி, தனியாகக் கொடுத்தால் லோ சுகர் வராத மருந்துகள் இருக்கின்றன. உங்கள் மற்ற நாலைந்து பேரில் கிளிபென்கிளமைடு (கிளிமிபிரைடு மாதிரியே சர்க்கரையை இறக்கும் பழைய மாத்திரை) சாப்பிடுகிறவர் இருந்தால் அவர்களை முதலில் பாருங்கள். 60 வயதுக்கு மேல் அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துப் பட்டியலே சொல்கிறது.

அதே நாளில் கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் அல்புமின், பி12, தைராய்டு, சோடியம், சோகைக்கான பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். 22 வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் மெதுவாகியிருந்தால் மாத்திரை உடம்பிலேயே தங்கி லோ சுகரைக் கொடுக்கும். பழைய அளவு திடீரென்று அதிகமாகிப் போவது இப்படித்தான். இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைப்போம், 30க்குக் கீழே நிறுத்துவோம்.

தலை ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. நடை தள்ளாடுகிறது, ஒரு பக்கம் பலவீனம், விழுந்து தலையில் அடி, சில வாரத்தில் வேகமாக மோசமாகிறது என்றால் வேண்டும். ஒன்றிரண்டு நாளில் புதிதாகக் குழப்பம் வந்தால் அதை மறதிநோய் என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, ஸ்ட்ரோக் மாதிரி ஏதாவது இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

கடிகாரம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது பள்ளிக்கூடப் பரீட்சை. இப்படிச் செய்யுங்கள். முதலில் சர்க்கரை பாருங்கள், 100க்கு மேல் இருந்தால்தான் டெஸ்ட். கண்ணாடி போட்டிருக்கட்டும், காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகர் வீட்டில் படக மொழியிலேயே கேட்க வேண்டும், இருளருக்கு அவர்கள் பேச்சில். மூன்று பொருளின் பேரைச் சொல்லி (கூடை, விளக்கு, ஆடு) திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லட்டும். 500 ரூபாய் கொடுத்து 180க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறிப் பேர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். பிறகு அந்த மூன்று பொருளைக் கேளுங்கள். வராவிட்டால் "வெளிச்சம் தரும் பொருள்" என்று குறிப்புக் கொடுங்கள். குறிப்புக் கொடுத்ததும் வந்துவிட்டால் பதிவாகியிருக்கிறது, எடுக்கத்தான் தாமதம், குழாய் வகை பக்கம் சாயும். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் பதிவாகவே இல்லை. பிறந்த வருடம், வயது கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் அட்டையில் உள்ள வயதே குத்துமதிப்பு.

இது நோயை முடிவு செய்யும் டெஸ்ட் இல்லை. டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மட்டும். மோக்கா டெஸ்ட் (ஞாபகம், சிந்தனைத் திறனைப் பார்க்கும் டெஸ்ட்) தமிழில் இருக்கிறது, படித்தவர்களுக்கு அதைப் பயிற்சி பெற்றவர் செய்யலாம். 65 தாண்டிய சர்க்கரைக்காரருக்கு வருடம் ஒரு தடவை ஞாபகத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், கண்ணையும் காலையும் பார்ப்பது போல.

---

உதகை_மருந்தகம்

அமிட்ரிப்டிலின் 10 சின்ன அளவுதான், ஆனாலும் பி12 ரிசல்ட் வரும்வரை டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்திப் பார்க்கலாம்.

வீட்டில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். காலை சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் சர்க்கரை மாத்திரை கைக்கு வர வேண்டும். சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏழு நாள் டப்பாவில் போட்டு வைத்தால் போட்டாரா இல்லையா என்று சண்டை வராது. பழைய மூன்று-சேர்ந்த அட்டை வீட்டில் மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். பாட்டி பழக்கத்தில் அதையும் எடுத்துப் போடுவார்.

இன்சுலினுக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று: ஃபிரிஜ்ஜில் ஃப்ரீசர் ஒட்டிய தட்டில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது.

---

தேயிலைச்சாரல்

இன்று மதியமே கூட்டிக்கொண்டு போய்விட்டோம். கிளிமிபிரைடு இரண்டு வேளையும் நிறுத்தியாயிற்று, மெட்ஃபார்மின் மட்டும். பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாயிற்று. மாத்திரையைக் குறைத்ததும் சர்க்கரை 180, 200 போனால் வீட்டில் பயந்துவிடுவார்கள், என்ன சொல்வது? டீயில் ஆளுக்கு இரண்டு ஸ்பூன் போட்டு ஆறு வேளை குடிக்கிறார்கள், அதையும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இனி ஞாபகம் திரும்புமா என்றும் கேட்கிறார்கள்.

---

மலைவாசல்

சாப்பிட்ட பிறகு 180, 200 என்பது இந்த வயதில் மூளையை ஒரு ராத்திரியில் கெடுக்காது. 52 கெடுக்கும். அவர்களிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். தொடர்ந்து 250க்கு மேல், அடிக்கடி சிறுநீர், தாகம் என்றால் திரும்ப வரட்டும்.

டீயில் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நடக்காது. இரண்டு ஸ்பூன் ஒன்றாகட்டும், இரண்டு வாரம் கழித்து அரை ஆகட்டும், நாக்கு பழகிவிடும். மாத்திரை குறைந்ததால் இப்போது அதைத் தைரியமாகக் குறைக்கலாம். கிளிமிபிரைடு இருக்கும்போது குறைத்திருந்தால் லோ ஆகியிருப்பார்.

எது சரியாகும் என்றால், லோ சுகரால், பி12 குறைவால், தைராய்டால், மாத்திரையால் வந்த மங்கல் பெரும்பாலும் சரியாகும். பி12 கொடுத்தால் சில மாதம் பிடிக்கும். குழாய் அடைப்பால் போன இடம் திரும்பாது, ஆனால் அடுத்த இடம் அடைபடாமல் தடுக்கலாம். அதற்குச் சர்க்கரையைவிடப் பிபியும் கொழுப்பும் முக்கியம்: பிபி 130/80 பக்கத்தில், எழுந்து நின்றால் விழாத அளவில், கூடவே ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை). புகையிலை போட்டு வெற்றிலை மெல்கிறாரா என்றும் கேளுங்கள். காதுக் கருவி, கண்புரை அறுவை இரண்டும் மறதிநோய் ஆபத்தைக் குறைக்கும் பட்டியலில் உள்ளவை, வயசு ஆச்சு என்று விடாதீர்கள். புதுச் சர்க்கரை ஊசிகளைப் பற்றி யாராவது கேட்டால்: செமாக்ளூட்டைடு ஆரம்ப அல்சைமரை மெதுவாக்கவில்லை என்று 2025இல் ஆய்வு முடிவு வந்துவிட்டது. சர்க்கரைக்கும் எடைக்கும் பயன்படும், மறதிக்காக வாங்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அந்த டெஸ்ட்டைத் திரும்பச் செய்யுங்கள். மூன்று சொல்லை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. அதே மதிய நேரம், அதே ஆள் கேட்க வேண்டும், தாளின் மேல் ஓரத்தில் அன்றைய சர்க்கரை அளவை எழுதி வையுங்கள்.